ஏசா ஓடிவந்தான், பெரியப்பா வரவில்லை

"ஏசா ஓடிவந்தான்" என்று சொல்லும்போதெல்லாம் பெரியப்பாவின் குரல் உடையும். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஊரைவிட்டு வெகுதூரம் வடக்கே, தேஹு ரோட்டில் எங்கள் தமிழ்ச் சபை கூடிய வாடகைக் கூடத்தில், ஆராதனைக்கு முன் அவர் நடத்திய வேதபாட வகுப்பு அது. தன்னை ஏமாற்றி ஆசீர்வாதத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய தம்பி யாக்கோபு, பல வருடம் கழித்துப் பயந்து பயந்து திரும்பி வருகிறான். அண்ணன் ஏசாவோ ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். அதே கூடத்தின் கடைசி வரிசையில் பெரியப்பாவின் சொந்தத் தம்பி கைகட்டி உட்கார்ந்திருப்பார். அவர் என் அப்பா. இருவரும் முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரியப்பா சிஞ்ச்வடில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். அப்பாவைத் திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கூட்டிவந்து, தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலைக்கு மனுப்போட வைத்தவரும் அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் தாத்தா ஊரில் இறந்துபோனார். அப்பா அப்போது லீவில் அங்கே இருந்தார். செய்தி கேட்டதும் பெரியப்பா கிடைத்த ரயிலில் ஏறினார். அக்கினி வெயில், உடம்பு தாங்காது என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்த, அண்ணன் வருமுன்பே அடக்கம் செய்ய அப்பா தலையாட்டிவிட்டார். பெரியப்பா போய்ச் சேர்ந்தபோது கல்லறை மேட்டில் மண் உலர்ந்திருந்தது. நின்று ஜெபித்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டார். அதன்பின் தம்பியோடு ஒரு வார்த்தை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற எதுவும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்துதான் முறுக்கு சுற்றினார்கள். என் நிச்சயதார்த்தத்துக்குப் பெரியப்பாதான் ஜெபம் செய்தார். "இந்தப் பெண்ணின் தகப்பனையும் ஆசீர்வதியும்" என்று மனமுருகக் கேட்டுவிட்டு, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் அந்தத் தகப்பனைத் தாண்டிப் பந்திக்குப் போனார். அப்பா மட்டும் என்ன, இளைத்தவரா? "நான் என்ன தப்பு செஞ்சேன்? அவுக வந்து பேசட்டும்" என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் கேட்டே விட்டேன். "யாக்கோபு மன்னிப்புக் கேட்டாரா பெரியப்பா?"

"குனிஞ்சு கும்பிட்டான். ஆடு மாடெல்லாம் அனுப்பினான். மன்னிப்புன்னு வாயத் தொறந்து கேக்கல."

"கேக்காமலே ஏசா ஓடி வந்தார்லா?"

"வந்தாம்லா. அதுதான் நம்ம விசுவாசத்துக்குப் பாடம்" என்றவர், கொஞ்சமும் அசராமல், "அடுத்த வாரம் யோசேப்பு. தன்னை வித்துப்போட்ட அண்ணன்மாரை மன்னிச்சவன்" என்று முடித்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சில வருடம் கழித்து, நான் கல்யாணமாகிப் பக்கத்திலேயே வாகடில் குடியிருந்த காலத்தில், அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். பெரியம்மா காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"ஜெபத்தை அங்க வந்து பண்ணுங்க. ஊருக்கெல்லாம் ஏசாவைப் பத்திச் சொல்லுதீங்க. இங்க இருந்து ஆட்டோ ஏறினா பத்து நிமிஷம்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் அந்தக் கதையை எப்பவும் கட்டிப்பிடிச்சதோட நிப்பாட்டிருவேன். அதுக்கப்புறம் ரெண்டு அதிகாரம் தள்ளி ஒரு வரி இருக்கு. வாசிச்சிருக்கியாட்டி? ஈசாக்கு செத்தப்ப ஏசாவும் யாக்கோபும் சேந்துதான் அப்பனை அடக்கம் பண்ணினாவ. அவ்வளவு ஏமாத்தினவன்கூட அண்ணனை விட்டுட்டு அடக்கம் பண்ணல. எனக்கு அந்த வரியை வாய்விட்டு வாசிக்க முடியல."

இத்தனை வருடம் நான் அவரை வேஷக்காரர் என்றே நினைத்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நின்றுபோன மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. "இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? சபைக்குப் பாடம் நடத்தினா அவருக்கு எப்படி விளங்கும்?" என்றேன். அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

பார்வையாளர் நேரத்தில் கட்டில் பக்கம் போய் நின்றார். நான் ஓடிவருதலையும் அழுகையையும் எதிர்பார்த்து, கையில் கைக்குட்டையோடு நின்றேன். அப்பா கண்ணைத் திறந்தார். பெரியப்பா வாயைத் திறந்தார்.

"ஐஸாவது வச்சிருக்கலாம்லாலே?"

அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அத்தனை வருடமும் பதிலைத் தயாராக வைத்திருந்தவர்போலச் சொன்னார்: "நம்மூர்ல ஐஸ் எங்கண்ணே கெடச்சுது?"

"தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பிருக்கணும். மீன் கம்பெனியில பாறை பாறையாக் கெடக்கும்."

"ஆள் அனுப்பினேன். லாரி கெடைக்கல. அதைக் கேட்டீகளா நீங்க? வந்தீக, நின்னீக, போய்ட்டீக."

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆள் அனுப்பிய கதை அவருக்கு அதுவரை தெரியாது. யாரை அனுப்பினாய், எப்போது அனுப்பினாய் என்று விசாரணை தொடங்கியது. குரல் ஏற ஏற, அப்பாவின் நெஞ்சோடு இணைத்திருந்த கருவி கத்தியது. நர்ஸ் ஓடிவந்து "ஆஜோபா, ஹளூ போலா" என்று மராத்தியில் மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்சி, கடைசியில் பெரியப்பாவை வெளியேற்றினாள். நான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இருவரும் என் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சண்டை போட்டார்கள். சவப்பெட்டி செய்தவன் யார், கோயில் மணி அடித்தது எத்தனை மணிக்கு, தாத்தா கடைசியாக யார் பெயரைச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வழக்காடி, அந்த அடக்கத்தை முதலிலிருந்து சேர்ந்து நடத்தினார்கள். அப்படி ஆறேழு வருடம் ஓடியது. இன்று இருவருமே இல்லை. வேதத்தில் ஒரு வரியில் முடிகிற காரியத்துக்கு என் வீட்டில் எத்தனை குடம் காப்பி செலவானது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிறுகளில் ஒருநாள் பொறுக்கமுடியாமல், தட்டைக் கழுவிக்கொண்டே பெரியப்பாவிடம் கேட்டேன்: "நீங்க மன்னிச்சுட்டீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு இருவரும், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல, என்னைப் பார்த்தார்கள்.

"யாரைட்டி?" என்றார் பெரியப்பா.