மத்தியான எங்கேஜ்டு

1. டிரெயினிங்

முப்பது வருஷம் திருவனந்தபுரத்தில் ஏணி சுமந்த டெலிபோன் லைன்மேன் நான், பெயர் செல்வராஜ். பிராட்பேண்ட் வந்த புதிதில் எங்களை உட்கார வைத்து மூன்று நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். என் மண்டையில் ஏறியது ஒரே விஷயம். பழைய டயல்-அப்பில் கம்ப்யூட்டரே ஃபோன் போட்டு நெட்டைப் பிடிக்கும். அது முடிக்கும்வரை வீட்டு நம்பர் எங்கேஜ்டு. பிராட்பேண்டில் அதே கம்பியில் நெட் தனி, பேச்சு தனி. ஸ்பிளிட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இரண்டையும் பிரித்துவிடும். மற்ற ஸ்லைடுகளை எல்லாம் நான் தூங்கிக் கழித்தேன்.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பிள்ளைகள் வாசலுக்கே வந்து வரவேற்பார்கள். அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு.

2. மணி சாமி வீடு

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் மணி சாமி என்று ஒரு கல்யாண சமையல்காரர். பந்திக்கு ஆயிரம் இலை போட்டாலும் அசராத மனுஷன், டெலிபோனுக்குப் பயப்படுவார். ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரமனையிலிருந்து ஒரு பெரிய கல்யாண வீட்டார் மத்தியானம் முழுக்கக் கூப்பிட்டும் எங்கேஜ்டாம். ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. மகள் மீனாவின் டயல்-அப்தான் காரணம் என்று அன்றே அதைப் பிடுங்கி எறிந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகும் மத்தியானம் எங்கேஜ்டு என்று அவரிடமிருந்து மூன்று கம்ப்ளெயின்ட் வந்தது. மூன்று தடவையும் நான் காலையில் போய்ப் பார்த்து, 'லைன் ஓகே' என்று எழுதிவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலே லைனைப் பிடித்துக்கொள்கிறது என்று சாமி முடிவு கட்டிவிட்டார். மீனாவும் நாளடைவில் வாதாடுவதை விட்டுவிட்டாள்.

இப்போது அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் வீட்டில் பிராட்பேண்ட் வந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் ஹாஸ்டலில் தங்க வேண்டும், அதற்குச் சாமி சம்மதிக்கவே மாட்டார். நான் போனது வெள்ளிக்கிழமை.

"சாமி, சத்தியமாச் சொல்லுதேன், நெட்டு ஓடும்போதும் ஃபோன் அடிக்கும்."

"அவளும் 'நெட்டால இல்லே'ன்னுதான் சொன்னா. ஆனா கரமனைக் கல்யாணம் போயிடுத்தே. போதும், போதும்."

"ஒரு டெஸ்ட் பாத்துக்கிடுங்க. அடிக்கலேன்னா மோடத்தை எடுத்துட்டுப் போயிருதேன், பின்ன இந்தப் பக்கமே வரமாட்டேன்."

மீனா என்னைப் பார்த்த பார்வையில் பிரார்த்தனை இருந்தது. சாமி ஒருவழியாகத் தலையாட்டினார்.

3. டெஸ்ட்

ஸ்பிளிட்டரை மாட்டினேன், மோடத்தை வைத்தேன். நாலு பச்சை விளக்கும் எரிந்தன. மீனா ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் மளமளவென்று படங்கள் வந்தன. மணி ஒன்றரை. முந்தின நாள் முழுக்க ஒரு கல்யாணத்தில் அடுப்படியில் நின்ற சாமி, சாப்பிட்டுவிட்டு ஃபோன் பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அடிச்சா எழுந்துக்கறேன்" என்றார்.

நான் தெருவுக்குப் போய் என் மொபைலிலிருந்து நம்பரைப் போட்டேன்.

எங்கேஜ்டு.

மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே வந்தால் மீனா முகம் வெளுத்து நின்றாள்.

"ஆச்சா? பாத்தேளா?" என்றார் சாமி, கண்ணைத் திறக்காமலே.

ஹாலில் ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் இல்லை. அந்த வீட்டில் உள்ளறையில் அதே லைனில் இன்னொரு பேரலல் ஃபோன் உண்டு. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில், ரிசீவர் கீழே எடுத்து வைக்கப்பட்டு, மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. பக்கத்தில் மாமி, சாமியின் மனைவி, கல்லாக நின்றாள்.

"பழக்க தோஷம்... அவர் சாய்ஞ்சதும் கை தானா எடுத்து வெச்சுடுத்து," என்று கிசுகிசுத்தாள். "ராப்பகலா நெருப்புல நிக்கறார். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கட்டுமேன்னு..."

"எத்தனை வருஷமா மாமி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். "ஒரு லூஸ் காண்டாக்ட், சரியாக்கியாச்சு" என்று புளுகினேன். மறுபடி நம்பரைப் போட, சாமியின் காதருகே ஃபோன் அலறியது. நாலு விளக்கும் அசையாமல் எரிந்தன. என் வேலை முடிந்தது. ஆனால் மாமி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"லூஸ் காண்டாக்ட் ஒண்ணுமில்லை. நான்தான். கரமனைக் கல்யாணமும் நான்தான். குழந்தை மேல ஒரு தப்பும் இல்லை. அன்னைக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

மீனா மோடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமி எழுந்து உட்கார்ந்தார். வெடிக்கப் போகிறார் என்று நான் டூல் பையைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"நான் தூங்கறதுக்காகவா?" என்றார். பிறகு, "மீனா, அப்பாவை மன்னிச்சுடும்மா. செல்வராஜ், ஃபாரம் எங்கே? பேனாவைக் கொடும்."

மீனா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. என் 'லைன் ஓகே' மூன்றும் பொய்யில்லை. ஆனால் ஒரு தடவையாவது மத்தியானம் போயிருந்தால் அந்தப் பெண் இரண்டு வருஷம் பழி சுமந்திருக்க மாட்டாள். கம்ப்ளெயின்ட் எந்த நேரத்தைச் சொல்கிறதோ அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். இதை எந்த டிரெயினிங்கிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கிளம்பும் முன் உள்ளறை ஃபோனையும் ஹால் ஃபோனையும் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த சின்ன ஸ்விட்சை மாமிக்குக் காட்டினேன்.

"இதை இந்தப் பக்கம் தள்ளினா மணி மெல்ல அடிக்கும். உங்களுக்குக் கேக்கும், சாமி எழுந்திரிக்க மாட்டாரு."

மாமி அதை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தாள். "இது முதல்லேர்ந்தே இருக்கா?" என்றாள்.

"வாங்கின நாள்லேர்ந்து இருக்கு மாமி."

அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த ஸ்விட்சைக் காட்டிவிட்டுத்தான் மோடம் பெட்டியைப் பிரித்தேன்.