இரவல் வாங்கிய முருகன்

இசக்கியப்பன் இருபத்தாறு வருடமும் ஒரே முதலாளிக்குத்தான் கார் ஓட்டினார். தென்காசியில் அரிசி ஆலை வைத்திருந்த அந்த முதலாளிக்குப் பழைய சாமி படம், மரச்சிற்பம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமையானால், அவற்றை வீடு வீடாகக் கேட்டு வாங்க இருவரும் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். முதலாளியிடம் பேசக் கூச்சப்படுகிற பெண்கள், பொருள் திரும்பி வருமா என்று டிரைவரிடம்தான் கேட்பார்கள். "ஒண்ணும் பயப்படாதீங்க. போட்டோ புடிச்சிட்டு ஒரு மாசத்துல கொண்டாந்து தந்திருதோம்" என்பார் அவர். முதல் சில வருடங்கள் அதை அவரும் நம்பினார்.

முதலாளி இறந்த பிறகு, குற்றாலம் சாலையிலிருந்த அவர் பங்களாவை மகன் பாண்டிராஜ் ஓவிய அருங்காட்சியகமாக்கினார். போன சாரல் சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது, "ஊரே பாத்துட்டு, நாம பாக்கலியே" என்று மனைவி முப்பிடாதி சொன்னாள். டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள்.

இரண்டாவது அறையில் வள்ளி தெய்வானையோடு முருகன். கண்ணாடியில் தீட்டிய படம். மயிலின் கழுத்தருகே ஒரு விரிசல். இசக்கியப்பனுக்கு அந்த விரிசலைத் தெரியும். வீரகேரளம்புதூரில் சங்கரேஸ்வரி வீட்டுப் பூஜை அறையிலிருந்து தன் கையால் இறக்கி, பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்த படம். வீட்டார் வருடக்கணக்காக வைத்து வந்த சந்தனப் பொட்டைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: 'சங்கரேஸ்வரி குடும்பத்தார் அன்பளிப்பு.'

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படத்தைத் திருப்பித் தரச்சொல்லி முதலாளியிடம் மூன்று தடவை கேட்டவர் அவர். மூன்றாம் தடவை முதலாளி முறைத்த முறைப்பில், வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். சங்கரேஸ்வரியின் தெருப்பக்கம் போவதையும் விட்டுவிட்டார். பதினோரு வருடம்.

நேரே பாண்டிராஜின் அறைக்குப் போனார். "தம்பி, அது அன்பளிப்பு இல்ல. இரவல். திருப்பித் தாரோம்னு நான்தான் வாக்குக் குடுத்தேன்."

"எழுத்துல ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

"அன்பளிப்புன்னு மட்டும் எழுத்து இருக்கோ?"

பாண்டிராஜ் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இசக்கியப்பன் வீரகேரளம்புதூர் போனார். வாசலில் அவரைப் பார்த்ததும் சங்கரேஸ்வரி உள்ளே கூப்பிடவில்லை.

"இன்னும் எத எடுத்துட்டுப் போவ வந்தீரு?"

"சத்தம் போடு தாயி. எனக்கு வேணும். ஆனா கிளம்பி வா. நீ அன்பளிப்பாக் குடுத்ததா எழுதி வச்சிருக்காங்க."

"யாரு குடுத்தா அன்பளிப்பு?" என்றவள், கட்டியிருந்த சேலையோடேயே பஸ் ஏறினாள்.

அருங்காட்சியகத்தில் படத்துக்கு முன்னால் நின்று அவள் கும்பிட்டாள். விஷயம் தெரிந்து ஓடிவந்த பாண்டிராஜ், "அக்கா, நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம். ஆயுசுக்கும் ஃப்ரீ பாஸ் தாரேன்" என்றார்.

"எங்க வீட்டுச் சாமியப் பாக்க எனக்குப் பாஸா? நல்லாயிருக்குவே உம்ம நியாயம்!" அவள் போட்ட சத்தத்தில் சுற்றுலா வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

பாண்டிராஜ் இசக்கியப்பன் பக்கம் திரும்பினார். "அப்பா போட்ட சோத்தத் தின்னுட்டு அவரு பேரக் கெடுக்கலாமா?"

"வண்டி ஓட்டுனதுக்குத்தான் சோறு போட்டாக. பொய் சொன்னது நான் ஓசிக்குச் செஞ்சது. இனிமே செய்ய மாட்டேன்."

அன்றைக்கே இசக்கியப்பனும் சங்கரேஸ்வரியும் போலீஸில் மனு கொடுத்தார்கள். எந்த வீடு, என்ன பொருள், என்ன சொல்லி வாங்கினோம் என்று, நினைவிலிருந்த ஒன்பது வீடுகளை இசக்கியப்பன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரணைக்கு ஒரு தடவை போய்வந்த பாண்டிராஜ், பத்தாம் நாள் முருகனை வேனில் அனுப்பிவைத்தார். வாங்கி வைத்துக்கொண்ட சங்கரேஸ்வரி இசக்கியப்பனுக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம், எழுதிக் கொடுத்ததில் இன்னொரு வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்ல ஆலங்குளம் போனார். மரக்குதிரை வாங்கிய வீட்டை இடித்துச் செல்போன் கடை கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரி இறந்துபோய், பிள்ளைகள் சூரத்தில் இருக்கிறார்களாம். பக்கத்து வீட்டில் பிள்ளைகளின் நம்பர் வாங்கி, ரோட்டோரம் நின்றே போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.