பானெட்டுக்குள் ஒரு சீறல்

அந்தக் கார் என் கைக்கு வந்தபோது அதற்குப் பதினெட்டு வயது. எனக்கு நாற்பத்தாறு. அது புதிதாகச் சந்தைக்கு வந்த வருடம்தான் நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்ய நான்கு தறி போட்டிருந்தேன். மதுரைக்கு நூல் விஷயமாகப் போனவன், ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தேன். டர்போ வைத்த பெட்ரோல் என்ஜின், ஆறு கியர், தரையோடு ஒட்டி உட்காரும் உடம்பு. அதெல்லாம் நமக்கில்லை என்று அன்றைக்கே முடிவு செய்து மறந்தும் போனேன்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அதே வண்டியை இரண்டு வருடமாக ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பதாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தேன், எடுத்து வந்துவிட்டேன். என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வயசான நோயாளியக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இந்த ஊர்ல இதுக்கு யாரு வைத்தியம் பாப்பா?" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் பஞ்சு லாரி. எதிரே தூரத்தில் ஒரு பஸ். தாராளமாக முந்திவிடலாம். வலது பக்கம் ஏறி மிதித்தேன். லாரியின் பாதி நீளம் போயிருப்போம், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் வண்டி செத்துப்போனது. ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை. எதிரே பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. பிரேக்கை மிதித்து, லாரியின் பின்னால் எப்படியோ ஒதுங்கினேன். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் உறுமியது.

மனைவி சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டாள். பிறகு, "நீங்க மிதிக்கும்போது ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது என்ன?" என்றாள்.

"ஏசியா இருக்கும்."

"ஏசி இல்ல. குக்கர்ல விசில் வாரதுக்கு முந்தி ஆவி சீறுமே, அது மாதிரி."

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. பயத்தில் அவளுக்குத் தோன்றியிருக்கும் என்று நினைத்தேன்.

கம்பெனிக்காரர்களிடம் கேட்டதில் இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்றார்கள். தெரிந்த ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். பட்டாளத்தில் இருபது வருடம் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தகரக் கொட்டகையில் தனியாளாக வேலை பார்த்தார். ஸ்பேனர்கள் எல்லாம் அளவு வாரியாகப் பலகையில் தொங்கும். அவர் கழற்றிய போல்ட் ஒன்றுகூடத் தரையில் கிடந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயங்களும் இருந்தன. போன் செய்தால் எடுக்கவே மாட்டார். "வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க சார்" என்பார். பானெட்டுக்குள் குனிந்திருக்கும்போது ஏதாவது கேட்டால் பல நேரம் பதில் வராது, வந்தால் "சரி சார்" என்று மட்டும் வரும். என்னை எப்போதும் தன் இடது பக்கம் வரச் சொல்லி நிற்கவைப்பார். என்ஜினைச் சோதிக்க நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைக்காமல் பல்லில் கடித்துக்கொள்வார். வேலைக்காரன் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். திறமைசாலிகளிடம் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தவர் டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் ஓர் இடத்தில் சரிவதைக் கோட்டுப் படமாகக் காட்டினார். மேலே ஏறிய கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்தது. முதலில் சென்சாரை மாற்றினார். பத்து நாள் நன்றாக இருந்தது. தளவாய்புரத்தில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போகும்போது மறுபடி விழுந்தது. பிறகு என்ஜினைச் சுற்றி ஓடும் சின்னச் சின்ன வேக்வம் டியூப் அத்தனையும் மாற்றினார். இரண்டு வாரம் போனது, மறுபடி அதேதான். குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவரிடம், "அண்ணே, ஏதோ சீறுற மாதிரி சத்தம் வருதுன்னு வீட்டுல சொல்லுதாங்க" என்றேன். "சரி சார்" என்றார். சொல்லியாகிவிட்டது என்று நானும் வந்துவிட்டேன்.

அடுத்து டர்போவையே கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். வண்டி தார்ப்பாய்க்கு அடியில் ஒன்றரை மாதம் கிடந்தது. கேஸ்கெட் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. கடைசியில், டர்போவில் ஒரு குறையும் இல்லை என்று அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். அதை மறுபடி பூட்டிய ஞாயிற்றுக்கிழமை, சோதனை ஓட்டத்துக்கு நானும் மனைவியும் போனோம்.

வழக்கமாக அவர்தான் ஓட்டுவார். அன்றைக்கு நான் விடவில்லை. எவ்வளவு நாள் காத்திருந்தேன், நானே ஓட்டிப் பார்க்கவேண்டும். அவர் தயங்கி இடது பக்கம் ஏறினார். மனைவி பின்னால் உட்கார்ந்தாள். செண்பகத்தோப்புச் சாலையில் வண்டி அதிகம் வராது. மாந்தோப்புகளுக்கு இடையே இரண்டாவது கியரில், மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தேன்.

"இப்ப கேக்குதா அண்ணே?" என்றாள் மனைவி.

அவர் திரும்பவில்லை.

"அண்ணே, இந்தச் சத்தந்தான். கேக்குதா?"

அவர் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. வனத்துறை செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி மறுபடி செத்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். நான்கு மாத எரிச்சல் மொத்தமும் வாய்க்கு வந்துவிட்டது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்கண்ணே. ஒவ்வொண்ணா கழத்திப் பாக்கதுக்கா உங்ககிட்ட விட்டேன்? சொல்றதக் காதுல வாங்கவே மாட்டேங்கிறீங்க."

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு மறுபடியும் பாக்கேன் சார்" என்றார் மெதுவாக.

மனைவி என்னைத் தாண்டிப் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள். வார்டில் படுத்திருப்பவர்களிடம் பேசுகிற நிதானத்தோடு கேட்டாள். "அண்ணே, காது எத்தனை வருசமா இப்படி இருக்கு?"

அவர் மாமரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலது சுத்தமா இல்ல சிஸ்டர். இடதுல கொஞ்சம் இருக்கு. பட்டாளத்துல டாங்கி என்ஜினைக் கழத்தி வச்சு ஓட விடுவோம். அப்பல்லாம் காதுல பஞ்சு வச்சா கோழைன்னு சிரிப்பாங்க. வந்த பொறவு கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டு." கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க. காது கேக்காத மெக்கானிக்குட்ட யாரு வண்டி விடுவா?"

நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அங்கேயே நின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எந்தப் பக்கம் நின்று கேட்டால் அவருக்குக் கேட்கும் என்ற யோசனையில் அதுவும் தடுமாறியது. இடது பக்கம் போய் நின்று, "தெரியாமப் பேசிட்டேண்ணே" என்றேன்.

"நீங்க பேசுனதுல பாதிதான் சார் கேட்டுச்சு" என்றார். சிரிக்க முயன்றார்.

கொட்டகைக்குத் திரும்பினோம். மனைவி கேட்ட சத்தத்தைப் பற்றி அப்போதுதான் அவர் முழுதாக விசாரித்தார். எப்போது வருகிறது, மிதிக்கும்போதா விடும்போதா, வலதிலிருந்தா இடதிலிருந்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் நோயாளியின் ரிப்போர்ட் சொல்வதுபோல் சொன்னாள். கேட்டு முடித்து எழுந்தவர், தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் பிவிசி மூடி ஒன்றை எடுத்தார். நடுவில் துளை போட்டு டயர் டியூப் வால்வைப் பொருத்தினார். அதை டர்போவின் வாயில் இறுக்கி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை வைத்து உள்ளே காற்றை ஏற்றினார். ஓடும்போது மட்டும் வரும் அழுத்தத்தை நிற்கும் வண்டிக்குள் கொண்டுவந்துவிட்டார். கம்ப்ரஸரை அணைத்ததும் கொட்டகை அமைதியானது.

மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். கண்ணை மூடியபடி தலையை மெல்ல நகர்த்தினாள். பேட்டரிக்குப் பின்னால் கீழே போகும் தடித்த ரப்பர் குழாயிடம் வந்து நின்றாள். "இங்கதான்."

அவர் புறங்கையைத் தண்ணீரில் நனைத்து, குழாயின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தார். அவர் முகம் மாறியது. "அடிக்கு சிஸ்டர். குளுகுளுன்னு அடிக்கு."

"சார், நீங்களும் கேட்டுப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்து காதைக் குழாயருகே கொண்டுபோனேன். ஒன்றுமே கேட்கவில்லை. இன்னும் கிட்டே போனேன். அப்போதும் இல்லை. இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, கேக்குது" என்றேன்.

குழாயைக் கழற்றியதும் தெரிந்தது. குழாயை இறுக்கும் கிளாம்பை ஒட்டி அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். சும்மா இருக்கும்போது உதடுபோல் மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். எண்ணெய் ஊறி ஊறி ரப்பர் நைந்திருந்தது. அந்தக் குழாய் எங்கேயும் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடி, லாரிக்குப் போடும் குழாய் ஒன்றை வாங்கி அளவாக வெட்டி, வளைவுக்கு ஓர் அலுமினியத் துண்டைச் சேர்த்து அவரே செய்து பூட்டினார். மறுபடி செண்பகத்தோப்புச் சாலைக்குப் போனோம். இம்முறை அவர் ஓட்டினார். மூன்றாவது கியரில் முதுகு சீட்டோடு ஒட்டியது. வண்டி சாகவில்லை. செக்போஸ்ட்டில் திருப்பும்போது அவர் ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினார். அம்புட்டுத்தான் அவர் கொண்டாட்டம்.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி கேட்டாள். "அன்னைக்கு நெசமாவே உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"டிவிய எம்புட்டு சத்தத்துல வைக்கீங்கன்னு தெரியுமா? காலிங்பெல் அடிச்சா நாந்தான் எந்திரிச்சுப் போறேன். அந்த அண்ணனைக் காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகப் பேசி வச்சிருக்கேன். அவிய கூட நீங்களும் வாங்க."

பதினெட்டு வருடமாகத் தறிச் சத்தத்தில் கிடப்பவன் நான். தறிக்கூடத்துக்குள் பேசவேண்டுமென்றால் கத்துவதும் கையசைப்பதும்தான் எங்கள் பேச்சு. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒருவர் பின் ஒருவராகச் சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். காதில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். முதலில் வரிசையாக அமுக்கினேன். பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சோதனை செய்யும் பெண் அமைதியாக வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தாள். சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில், கொட்டகைக்குள் குனிந்தபடி "சரி சார்" என்று சொல்லிச் சொல்லி அவர் கழித்த வருடங்கள் எப்படியிருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

ரிப்போர்ட்டை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். என்னுடைய கோடு நேராகப் போய், சீறல் மாதிரி மெல்லிய சத்தங்கள் வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. அவருடையது இன்னும் ஆழம். அவர் விரலால் தொட்டுக் காட்டி, "ரெண்டு பேருக்கும் அழுத்தம் ஒரே எடத்துலதான் சார் எறங்குது" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவருக்கு இடது காதில் கருவி வைத்தார்கள். முதல் வாரம் சண்டைதான். தட்டு வைப்பதுகூடச் சுத்தியல் அடிப்பதுபோல் இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். மனைவி இரண்டு தடவை போய்ப் பேசினாள். பொறவு பழகிக்கொண்டார். மறைக்கவும் இல்லை. "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்று வருகிறவர்களிடம் அவரே சொல்கிறார். வேன் வைத்திருந்த ஒருவர் கருவியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது அவரை வருத்தியது. மற்றவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கருவி வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்றார் டாக்டர். இப்போது தறிக்கூடத்தில் எல்லோருக்கும் காதடைப்பு வாங்கி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் போடுகிறார்கள். மீதிப் பேரிடம் தினமும் சொல்லவேண்டியிருக்கிறது. முதலில் நான் போட்டுக்கொண்டு உள்ளே போவதால் அவர்களால் மறுத்துப் பேச முடிவதில்லை.

கார் அடுத்து ஏசியில் மக்கர் செய்தது, அதன் பின் ரேடியேட்டர் ஒழுகியது. போன மாதம் கிளட்ச். ஒவ்வொரு முறையும் சோதனை ஓட்டத்துக்கு அவர் என் மனைவியின் லீவு நாளைத்தான் கேட்கிறார். அவர் ஓட்டுவார், அவள் இடது பக்கம் உட்கார்ந்து கேட்பாள். போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியம் வரை போய்வந்து நின்றதும், அவள் மூன்று சத்தங்களைச் சொன்னாள். பின் சக்கரம் ஒன்று, டாஷ்போர்டுக்குள் ஒன்று, வேகம் குறையும்போது மட்டும் வருவது ஒன்று. அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பின் சீட்டில்தான் இருந்தேன். எனக்கென்னவோ வண்டி நன்றாகத்தான் ஓடியது.