கறிக்கடை அக்கா காட்டிய மூன்று கோடுகள்

போன வருஷம், திருப்பதியில் தொல்லியல் எம்.ஏ. கடைசி செமஸ்டர். ப்ராஜெக்டுக்காக என்னிடம் ஒரு காட்டெருமையின் கால் எலும்பைக் கொடுத்திருந்தார்கள். ஓடைக்கரை மண்ணில், கல் கருவிகளோடு கிடைத்தது. அதன் நடுவில் பளிச்சென்று ஏழெட்டுக் கோடுகள். ஆதி வேட்டைக்காரன் கல்லால் கறி அறுத்த தடம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கிளாசில் நான் போட்ட சீன் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் ரிவ்யூ. புது எலும்பு ஒன்றைக் கல் சில்லால் அறுத்து, இரண்டு தடத்தையும் ஒப்பிட்டுக் காட்டிவிட்டால் கைதட்டல் நிச்சயம். எருமைக்கறிக் கடை தேடி பைக்கில் பாகாலாவுக்குப் போனேன்.

கடையில் ஓர் அக்கா, என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், கறி வெட்டிக்கொண்டிருந்தார். எலும்பு சூப்புக்கா என்று தமிழிலேயே கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். போனில் போட்டோவைக் காட்டி லெக்சர் எடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"எலும்பு காபித்தூள் கலர்ல கீது. கோடு மட்டும் வெள்ளையா கீதே? வெட்டும் பழசுன்னா அதே கலரு ஏறிக்கணும்ப்பா. இது யாரோ இப்போ தேச்சது."

மண் போகவில்லை என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தது நானேதான். மெத்தென்ற பிரஷ்தான் போட வேண்டும் என்று ப்ராஜெக்ட் சார் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்.

அதை அவரிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். பின்னால் நின்ற ஆள் தெலுங்கில் முணுமுணுத்தார். அவரை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு, அக்கா ஓர் எருமைக்காலை எடுத்து மூட்டைச் சுற்றிக் கத்தியை ஓட்டினார். கால் கழன்று வந்தது.

"மூஞ்ச ஏன் அப்பிடி வெச்சிக்கினு கீற? கால கழட்ட இங்கதான் கத்தி வெப்போம். உன் எலும்புல இந்த எடத்த பாத்தியா?"

பார்த்ததே இல்லை. போட்டோவைப் பெரிதாக்கினேன். மூட்டு ஓரத்தில், அதே காபித்தூள் நிறத்தில், முடி மாதிரி மூன்று கோடுகள் இருந்தன.

மறுநாள் முதல் ஸ்லைடிலேயே என் பிரஷ் கீறலைக் காட்டினேன். எலும்பைக் கெடுத்ததற்கு சார் விட்ட டோஸ் பக்கத்து ரூம் வரை கேட்டிருக்கும். பிறகு மைக்ரோஸ்கோப்பில் மூட்டைப் பார்த்தவர், இது கல் கருவியால் அறுத்ததுதான் என்று சொல்லி, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். சொன்னேன். ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் அந்த அக்காவுக்குத்தான் முதல் வரி.

அவர் மட்டும் அன்றைக்கு எலும்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்திருந்தால், என் பிரஷ் கீறலையே ஆதி மனிதனின் வேலை என்று நான் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.