கண்மாயில் இறங்கிய விமானம்

மகள் இன்று என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்தபோது, அதற்கு அட்டை போட்டிருந்த அச்சகத்து வேஸ்ட் தாளின் மை வாசம் அடித்தது. அதில் கல்கத்தா ஆற்றில் பயணிகளோடு இறங்கும் அந்தக்கால நீர்விமானத்தின் படம். அதைப் பார்த்துத்தான் நானும் அக்காவும் தெர்மாகோலில் ஒன்று செய்து, அதன் முதுகில் ராக்கெட் பட்டாசைக் கட்டி, எங்கள் கண்மாயில் விட்டோம்.

பட்டாசு ஆலையிலிருந்து வரும் அம்மா, சேலையில் படிந்த வெடிமருந்து போகக் கண்மாயில் முங்கிய பிறகுதான் தினமும் எங்களைத் தொடுவாள் என்று தெரிந்தும், அவள் பார்க்க வேண்டும் என்பதற்காக வரும் நேரம் பார்த்துத் திரியைப் பற்றவைத்தோம். விமானம் பறக்கவில்லை, நீரைக் கிழித்துத் திரும்பி, பொறி கக்கியபடி கரையில் நின்ற அம்மாவை நோக்கி வந்தது.

"கிட்ட வராதீகடி, சேலையெல்லாம் மருந்து!" என்று கத்திக்கொண்டே அம்மா விலகி ஓடித் தண்ணீரில் விழுந்தாள். அங்கே சேலையில் ஒட்டியிருந்த மருந்தின் வெள்ளித்தூள் மட்டும் மிதந்தது. அவள் தலை தெரியும்வரை நாங்கள் மூச்சுவிடவில்லை.

"ஏளா, என்னையக் கல்கத்தாவுக்கு அனுப்பப் பாத்தீகளோ?" என்றாள், சேலையைப் பிழிந்துகொண்டே.

"இதே மாதிரி செஞ்சு தாம்மா" என்கிறாள் இப்போது மகள், படத்தைக் காட்டி. அவள் அப்பாவும் பட்டாசு ஆலையிலிருந்துதான் வருகிறார். தாளை ஒளித்து வைத்தேன், சரிதானா, தெரியவில்லை. கண்மாய் இப்போது வீட்டுமனைகள். ஓடி விழத் தண்ணீர் இல்லை.