அய்யாவின் காலர் டியூன்

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டையும் அதன் முதல் வரியால் சொல்லும் பழக்கம் கிடையாது. அது ஓடிக்கொண்டிருந்தபோது என்ன நடந்ததோ, அதுதான் அதற்குப் பெயர். ஆடு கிணற்றில் விழுந்த பாட்டு. அம்மா வடகத்தைக் கருக விட்ட பாட்டு. கரண்டு போன பாட்டு என்று ஒன்று உண்டு. சித்தப்பா மகன் காதுகுத்தில் பல்லவியோடு கரண்டு போய்விட்டது, மீதி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிவியில் அது வந்தால், "ஏத்தா, கரண்டு போன பாட்டு ஓடுது, வா வா" என்று என்னைப் பெற்ற அய்யா கூப்பிடுவார். நான் போவதற்குள் நிஜமாகவே கரண்டு போய்விடும்.

எனக்கு உயிரான பாட்டு மினி பஸ் பாட்டு. அப்போது அபிராமத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எட்டே காலுக்கு எங்கள் ஊருக்கு வரும் மினி பஸ்ஸில் ஒரே பென் டிரைவ்தான், வருடம் முழுக்க அதே வரிசைதான். ஊரைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஏறும்போது சரியாக அந்தக் குத்துப் பாட்டு வரும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று அடங்கி, உறுமி மட்டும் தனியாக ஒலிக்கும். அந்த இடத்தில்தான் வேகத்தடை. பஸ் குலுங்கும், டிரைவர் அண்ணன் ஹாரன் அடிப்பார். உறுமி, குலுக்கல், ஹாரன் மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு அந்தப் பாட்டு. வேறெங்கே கேட்டாலும் ஹாரன் வரவேண்டிய இடத்தில் வாயாலாவது அடித்துவிடுவேன். கடையில் ஒருமுறை அப்படி அடிக்கப்போய், பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் பதறி ஒதுங்கி வழிவிட்டார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவரும் அந்தப் பாட்டில்தான் மாட்டினார். திருப்புல்லாணிப் பக்கம், சொந்தமாக டிராக்டர் ஒர்க்‌ஷாப். அதற்கு முன் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். இருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. இவரும் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தரையையே பார்த்தார். நான் காபித் தட்டை நீட்டிய நேரம் பார்த்து சாயங்கால மினி பஸ் தெருவில் வந்து நின்றது. பாட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பல்லவிக்கு யார் வேண்டுமானாலும் தாளம் போடுவார்கள், அவர் போடவில்லை. பொறுமையாக இருந்து, உறுமி வந்ததும் நாற்காலிக்கு அடியில் வலது கால் கட்டைவிரலால் மட்டும் தட்டினார். அடுப்படிக்கு ஓடி, "இவரைத் தவிர வேற எவனும் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வீட்டுல பேசிட்டு ரெண்டு நாள்ல போன் போடுறோம்ணே" என்று மாப்பிள்ளையின் அம்மா அய்யாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் போனது. ஒரு வாரம் போனது. நாமாகக் கேட்கவும் முடியாது. பெண் வீட்டார் வலியப் போய்ப் போன் போட்டால் இளக்காரமாகப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஜாதகத் தாளில் எழுதியிருந்த அவர்கள் நம்பர் எனக்கு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். கடையில் ரேஷன் கார்டுக்குப் பதில் என் உள்ளங்கையை நான்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். பதினான்காம் நாள் காலையில், அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே முடிவு சொல்லி, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கடைக்கும் லீவு சொல்லிவிட்டேன்.

அன்று பத்து மணி வாக்கில் தொண்டியிலிருந்து என் தாய்மாமா வந்து இறங்கினார். கையில் ஆள் உயர ரோஜா மாலை. வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கண்ணில் தண்ணீரைக் கண்டதும் அவருக்கும் பொலபொலவென்று வந்துவிட்டது.

"யாரு?" என்றார்.

"யாரு யாரு?" என்றாள் அம்மா.

"தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கேன். எனக்கு ஒரு வார்த்த சொல்லி விடணும்னு தோணலையா ஒங்களுக்கு?"

அழ வந்தாரா, சண்டைக்கு வந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் அய்யா மிளகாய்க் காட்டிலிருந்து வந்தார். மாமா அவரைத் தொட்டுப் பார்த்தார். என்னை எண்ணினார். அம்மாவை எண்ணினார். மூன்று பேரும் இருக்கிறோம் என்று உறுதியானதும் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"அப்பறம் எதுக்கு மச்சான் போன்ல அந்தப் பாட்டு?" என்றார்.

என் போனில் அய்யாவுக்குப் போட்டுக் காதில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் துக்க வீடு என்றால் சவுண்டு சர்வீஸ்காரர் முதலில் போடும் பாட்டு ஒன்று உண்டு. காற்றில் அது வந்தாலே காட்டில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து, யார் வீடு என்று கேட்பார்கள். அந்தப் பாட்டு என் காதில் ஓடியது. எதிரே அய்யாவின் சட்டைப் பையில் போன் சாதாரணமாக மணியடித்தது.

அய்யாவைக் குடைந்ததில் விஷயம் வந்தது. கமுதியில் அவருக்குத் தெரிந்த மிளகாய் வியாபாரி ஒருவரின் அப்பா காலமாகியிருந்தார். துக்கம் விசாரிக்க அய்யா போன் போட்டிருக்கிறார். வியாபாரியின் போனில் அந்தப் பாட்டைக் காலர் டியூனாக வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் குரல், ஸ்டாரை அழுத்தச் சொல்லியிருக்கிறது. "அந்தப் புள்ள அவ்வளவு மரியாதையாச் சொல்லுது, அமுக்குனாத்தான் லைன் குடுக்கும்போலன்னு அமுக்குனேன்" என்றார் அய்யா. பாட்டு இவர் போனுக்கு வந்துவிட்டது. காலர் டியூனில் ஒரு கொடுமை, ஊரே கேட்கும், வைத்திருப்பவர் காதில் மட்டும் விழாது. அம்மாவிடம் போன் இல்லை. அய்யாவுக்குப் போன் போட எனக்கு அவசியம் வந்ததில்லை. "கொஞ்ச நாளா எல்லாரும் ரொம்பப் பணிவாப் பேசுறாகளேன்னு நெனச்சேன்" என்று அய்யா தாடையைச் சொறிந்தார்.

எனக்கு அதற்குள் வேறொன்று உறைத்தது. அவர் போனைப் பிடுங்கித் தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். அய்யா அதைத் திறந்து பார்த்ததே கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அந்த மனப்பாட நம்பரிலிருந்து மூன்று தடவை வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குள் நுழைவதற்கு முன் எங்கள் சுவர்ப் பல்லி சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நின்ற மனுஷி. நல்ல செய்தி சொல்லக் கூப்பிட்டவர் காதில் சாவு வீட்டுப் பாட்டு! "அய்யா, என் வாழ்க்கை போச்சு!" என்று கத்தினேன். கத்திவிட்டு, மாலையோடு நிற்கும் மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்து விக்கல் பிடித்துக்கொண்டது.

முதலில் பாட்டை மாற்ற வேண்டும். அம்மா அம்மன் பாட்டு கேட்டாள், மாமா நாதஸ்வரம் கேட்டார். நான் யாரையும் கேட்கவில்லை. மினி பஸ் கண்டக்டர் அண்ணன் போனில் எங்கள் பாட்டுத்தான் காலர் டியூன் என்பது எனக்குத் தெரியும். அய்யாவின் போனிலிருந்து அவருக்குப் போட்டேன். ஸ்டாரைத் தேடுவதற்குள் எடுத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி எடுத்துவிட்டார்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், போன எடுக்காதீக!"

"பெறகு எதுக்குத்தா போடுற?"

"எடுக்காம இருக்கத்தான் போடுறேன்!"

மூன்றாவது முறை எடுக்கவில்லை. பாட்டு வந்தது. அமுக்கினேன்.

அடுத்தது அவர்களைத் திரும்பக் கூப்பிட வைக்க வேண்டும். மிஸ்டு கால் கொடுத்தால் அது போன் போட்டதாகுமா ஆகாதா என்று அய்யாவும் மாமாவும் அரை மணி நேரம் வழக்காடினார்கள். ஒரு மணியோடு நிறுத்தினால் ஆகாது, இரண்டு மணி அடித்தால் ஆகும் என்று தீர்ப்பானது. ஒரே மணியில் அய்யா நிறுத்தினார். போனை மேஜைமேல் வைத்து நான்கு பேரும் சுற்றி நின்றோம்.

ஐந்து நிமிடத்தில் அது அடித்தது. அதே நம்பர். அய்யா கையை நீட்ட, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீக! உறுமி வரட்டும்!"

உறுமி வருவதற்குள் கட்டாகிவிட்டது. "ஏத்தா, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று அய்யா கையை ஓங்கினார். மறுபடி அடித்தது, பாய்ந்து எடுத்தார். அய்யா போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அண்ணே, நான் திருப்புல்லாணியிலருந்து பேசுறேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "ஏண்ணே, காரியம் முடிஞ்சுருச்சா?"

"என்ன காரியம் தங்கச்சி?"

"அன்னைக்குக் கோயில்ல பூக்கட்டிப் பாத்தோம்ணே, நல்ல பூவே வந்துச்சு. ஒடனே ஒங்களுக்குப் போட்டா, துக்க வீட்டுப் பாட்டு ஓடுது. துக்கம் கேக்க வரலாம்னா இன்னும் சம்பந்தம் பேசி முடிக்கல, என்ன மொறையச் சொல்லி வாறது? சரி, பதினாறு கழியட்டும்னு இருந்தோம். இன்னும் ரெண்டு நாளு கெடக்குல்லண்ணே? அதுக்குள்ள குத்துப் பாட்டுப் போட்டுருக்கீகளே, என்ன குடும்பமோன்னு பதறிப்போயி கட் பண்ணிட்டேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

"தங்கச்சி, எங்க வீட்டுல யாரும் சாகலம்மா" என்றார் அய்யா. "எல்லாம் என் கட்டவெரல் பண்ணுன வேல." கதையை முழுக்கச் சொன்னார், மாலை உட்பட. அப்புறம் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

"இந்தப் பய பதினாலு நாளா மீனு, கருவாடு எதையும் தொடலண்ணே. போனது யாருன்னே தெரியாம வெறும் ரசத்த ஊத்தித் திங்கிறான். இந்தா, பேசணுங்கிறான்."

போன் கை மாறியது. இரண்டு முறை தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"மாமா, அவுக நல்லாருக்காகளா?"

"யாரு மாப்ள?"

"அவுகதான். அன்னைக்குக் காப்பி குடுத்தாகள்ல. போனது யாருன்னு தெரியலல்ல மாமா. கேக்கவும் பயமா இருந்துச்சு."

மாமா தோளிலிருந்த மாலையை மெல்லக் கழற்றினார். அய்யா போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். வாய் ஓயாதவள் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள் நான். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இருக்கேன்" என்றேன்.