ஹாமில்டன் கட்சி தங்கவேலு

எங்க வீட்டுக்காரர் தங்கவேலு அமெரிக்காவுல ஒரு கட்சியில சேர்ந்துட்டார்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் தலைவலிதான் மிச்சம்.

அவர் ரங்கூன்ல, அலோன் ஆத்தங்கரைக் கிடங்குல மூட்டை ஏத்தி இறக்குற ஆளுங்களுக்கு மேஸ்திரி. அவங்க தாத்தா கப்பல்ல ரங்கூன் வந்து இதே துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். இவர் இந்தியாவைக் கண்ணால பார்த்ததில்லை. தமிழ் எழுத்தே எங்க தெரு மாரியம்மன் கோயில்ல நடந்த வகுப்புல கத்துக்கிட்டதுதான். அந்தக் கோயில்தான் அவருக்கு ஊரு, நாடு எல்லாம். இருபது வருஷமா அவர்தான் தலைவர். தெருவுக்குத் தெரு நடந்த சின்னச் சின்ன பூசையை எல்லாம் ஒண்ணாச் சேர்த்து, ஒரே உண்டியல், ஒரே திருவிழான்னு ஆக்கினவர்.

இந்த வருஷம் கோயில் தேர்தல்ல தோத்துட்டார். டயர் கடை உதயசூரியன் ஜெயிச்சுட்டான். "அந்தந்தத் தெரு பூசையை அந்தந்தத் தெருவே பார்த்துக்கட்டும், எல்லாம் ஒரே ஆள் கையில இருக்கிறது என்ன நியாயம்?"னு பேசிப் பேசியே ஜெயிச்சான். எங்க கோயில் வழக்கம் என்னன்னா, அம்மன் நகையும் வெள்ளிக் கவசமும் இருக்கிற அறைச் சாவியை, வெத்தலை பாக்கோட தட்டுல வச்சு, சனம் பார்க்க, அம்மன் முன்னால பழைய தலைவர் புதுத் தலைவர்கிட்ட குடுக்கணும். இவர் குடுக்கல. அரைஞாண் கயித்துல கோத்துக்கிட்டுத் திரிஞ்சார்.

திருவிழா நெருங்குது, கவசம் உள்ள பூட்டிக் கிடக்குது. "குடுத்துத் தொலைங்களேன்"னு நான் கத்தாத நாளில்லை. "குடுத்துட்டா நான் யாருடி?"ம்பார்.

இதுக்கு நடுவுலதான் அமெரிக்கா வந்துச்சு. எங்க மக புஷ்பா பாங்காக் காலேஜ்ல சேர ஜிஇடின்னு ஒரு அமெரிக்கப் பரீட்சைக்குப் படிக்கிறா. அதுல அமெரிக்கச் சரித்திரமும் வருதாம். எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? ஆனா சத்தம் போட்டுப் படிச்சாத்தான் அவளுக்கு மண்டையில ஏறும். பாதி பர்மா, பாதி தமிழ்ல எங்களுக்கும் சொல்லுவா.

"வாஷிங்டன் தலைவர்ப்பா. அவருக்குக் கீழ ஹாமில்டன், ஜெஃபர்சன்னு ரெண்டு மந்திரி. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. நடுவுல பலமா ஒரே அரசாங்கம் வேணும், ஒரு பெரிய பேங்க் வேணும்னார் ஹாமில்டன். அந்தந்த மாநிலம் பார்த்துக்கட்டும்னார் ஜெஃபர்சன். அப்படித்தான் ரெண்டு கட்சி வந்துச்சு."

இவர் டீ கிளாஸைக் கீழ வச்சார். "அப்ப நான் ஹாமில்டன் கட்சி!"

"உதயசூரியன்?"னு கேட்டேன்.

"ஜெஃபர்சன். பின்னே?"

ஆரம்பிச்சுது கூத்து. சாயந்திரம் கிடங்குல இருந்து வந்ததும் வராததுமா, "நம்ம ஆளு இன்னிக்கு என்ன பண்ணான்?"னு புஷ்பாகிட்ட வந்து உட்கார்ந்துடுவார். ரெண்டு கட்சியும் ஆளுக்கொரு பத்திரிகை வச்சு ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கிட்டாங்களாம். அது புரிஞ்சுது, போன்ல எங்க கோயில் வைபர் குரூப்புலயும் அதே லட்சணம்தான். மத்ததுதான் ஒண்ணும் புரியல. ஜனாதிபதி தேர்தல்ல ஜெஃபர்சன் கட்சி ஆளுங்க ரெண்டு பேருக்குச் சம ஓட்டு விழுந்துச்சாம், ஜெஃபர்சனுக்கும் பர்ருங்கிற ஒருத்தருக்கும். அப்ப ஹாமில்டன் தன் ஆளுங்ககிட்ட ஜெஃபர்சனையே ஆதரிக்கச் சொன்னாராம்.

"எதிராளியையா? அவனுக்கென்ன பைத்தியமா?"

"பர் அதைவிட மோசம்னு நெனச்சார்ப்பா."

"அப்புறம்?"

"சில வருஷம் கழிச்சு அந்த பர் ஹாமில்டனைச் சுட்டுட்டார்."

இவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "கட்சியாவது இருக்கா?"ன்னார். அதுவும் கொஞ்ச காலத்துல இல்லாமலே போயிடுச்சுன்னு சொன்னா புஷ்பா. அன்னிக்குச் சோறே இறங்கல அவருக்கு.

மறுநாள் புஷ்பா ஆடம்ஸ் கதையைப் படிச்சா. ஹாமில்டன் கட்சிக்காரர், அப்ப அவர்தான் ஜனாதிபதி, தேர்தல்ல தோத்துட்டார். ஜெஃபர்சன் பதவி ஏத்துக்கிற அன்னிக்கு, விடியறதுக்கு முன்னால வண்டி ஏறி ஊருக்குப் போயிட்டாராம்.

"யாரு புடிச்சுக்கிட்டுப் போனா?"

"யாரும் இல்லப்பா. சும்மா போயிட்டார்."

"பட்டாளம் வரல?"

"வரல."

"சும்மான்னா எப்படி சும்மா?"

எனக்கும்தான் புரியல. பட்டாளம் வந்துதான் ஆட்சி மாறுற இந்த ஊர்ல பொறந்து வளர்ந்துட்டு இதைக் கேட்டா யாருக்குத் தலை சுத்தாது? "புத்தகம் தப்பா இருக்கும்டி"ன்னேன். புஷ்பா முறைச்சா. இவர் மட்டும் எழுந்து படுக்கப் போயிட்டார்.

விடியக்காலையில எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்துல வந்தார். உதயசூரியன் வீட்டுக் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்துல வந்தவன் கையில சாவியைத் திணிச்சுட்டு, அப்படியே திரும்பிட்டாராம். "சும்மா குடுத்துட்டேன்"னார். ஏன் குடுத்தீங்கன்னா, "எனக்கே தெரியல"ன்னார்.

நாங்க காலைச் சாப்பாட்டுக்கு, மீன் சாறு ஊத்தின மொகிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே உதயசூரியன் ஓடி வந்தான். "அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? தட்டுல வச்சு அம்மன் முன்னால வாங்காத சாவியை வச்சு நான் எப்படி அறையைத் திறப்பேன்? நாளைக்கு ஒரு மூக்குத்தி குறைஞ்சாலும் என் தலையிலதானே விடியும்?" சாவியைப் பாயில வச்சுட்டுப் போயே போயிட்டான்.

இவர் அதைக் கையில எடுத்துப் பார்த்தார். "குடுக்கலன்னாலும் ஏசுறானுங்க, குடுத்தாலும் வாங்க மாட்டேங்கிறான். அந்த ஆடம்ஸ் பண்ணது தப்பு போலடி புஷ்பா."

"பரீட்சையில அப்படி எழுதினா ஃபெயில்ப்பா."

"அப்ப எதுதான்டி சரி?"

அவ புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிச்சா, நான் பூசைத் தட்டை எடுத்து விளக்க ஆரம்பிச்சேன்.

கடைசியில திருவிழா அன்னிக்கு, மேளம் அடிக்க, நான் நீட்டின தட்டுல சாவியை வச்சு, சனம் பார்க்கக் குடுத்தார். உதயசூரியன் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு அறையைத் திறந்தான். அம்மனுக்குக் கவசம் சாத்தி, தீபாராதனைக்கு மணி அடிச்சாங்க. ஆம்பளைங்க வலப்பக்கம், பொம்பளைங்க இடப்பக்கம். சன்னதிப் படியோரம் தலைவர் நிக்கிற இடத்துல உதயசூரியன் போய் நின்னான்.

எங்க வீட்டுக்காரர் ஆம்பளைங்க வரிசையைப் பார்த்தார். முன்னால நிக்கிறதா, பின்னால நிக்கிறதா? அவங்களும் நகர்ந்து நகர்ந்து பார்த்தாங்க, பழைய தலைவருக்கு எங்க இடம் விடறதுன்னு யாருக்கும் தெரியல. அப்புறம் அவர் நேரா இந்தப் பக்கம் நடந்து வந்து, பொம்பளைங்களுக்கு நடுவுல, என் பக்கத்துல நின்னுட்டார். பின்னால ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா.

"என்னங்க, இது பொம்பளைங்க பக்கம்"னேன் மெதுவா.

"தெரியும்"னார். "எங்க நிக்கிறதுன்னுதான் தெரியல கனகா."

சிரிச்சவளைத் திரும்பி ஒரு முறை முறைச்சுட்டு, நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.